பகிர்வுக் கோப்புறைகள்: யார் கண்ணுக்கு எது தெரிய வேண்டும்?

அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை என எந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டாலும், அங்கே நாள்தோறும் உருவாகும் ஆவணங்களில் பெரும்பகுதி, வேறோர் அறையிலோ வேறோர் ஊரிலோ இயங்கும் சர்வர் என்னும் பொதுக் கணினியில் சேமிக்கப்பட்டு, வலைப்பின்னல் வழியாகப் பலரும் எடுத்தாளும்படி வைக்கப்படுகிறது. அவ்வாறு திறந்துவிடப்படும் கோப்புறை பகிர்வுக் கோப்புறை எனப்படும். அதை நிர்வகிப்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும். ஒரு கோப்பைத் திறக்கவும் திருத்தவும் யாருக்கு உரிமை உண்டு என்பது முதற்கேள்வி. அப்படியொரு கோப்பு அங்கே இருக்கிறது என்பதே யாருக்குத் தெரியலாம் என்பது இரண்டாவது. முதற்கேள்வியில் கவனமாக இருக்கும் நிர்வாகிகளும் இரண்டாவதை விட்டுவிடுவதுண்டு. வேறு சிலரோ, பெயரை மறைத்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டதாகக் கருதிவிடுகின்றனர். இரண்டும் பிழையே. ஒருவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ அதிலிருந்தே அவர் கண்ணுக்குத் தெரியும் பட்டியல் உருவாக வேண்டும் என்பதுதான் இத்துறையின் அடிப்படை.

பெயரே ஒரு தகவல்

திறக்க முடியாத கோப்பின் பெயர் தெரிவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கத் தோன்றலாம். ஊழியர் நிர்வாகப் பிரிவின் பகிர்வில் 'கிளை அலுவலக ஆட்குறைப்பு' என்று ஒரு கோப்புறை இருப்பதாக வைத்துக்கொண்டால், அதைச் சொடுக்கி 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற செய்தியைப் பெறும் ஊழியர், உள்ளே ஒரு வரியும் படிக்காமலேயே முக்கியமான செய்தியைத் தெரிந்துகொண்டுவிடுகிறார். நோயாளியின் பெயரையும் சிகிச்சைப் பிரிவையும் தாங்கிய மருத்துவமனைக் கோப்பும், கட்சிக்காரரின் பெயரில் அமைந்த வழக்கறிஞர் அலுவலகக் கோப்புறையும் இதே வகையில் மறைவான செய்தியை வெளியே சொல்லிவிடுகின்றன.

இதனால் அன்றாட வேலைக்கும் இடையூறு உண்டு. நூற்றுக்கணக்கான கோப்புறைகள் வரிசையாகத் தெரியும் திரையில் தமக்குரிய நான்கைந்தைத் தேடி எடுப்பது ஊழியருக்குச் சலிப்பைத் தருவதோடு, திறக்காத கோப்புறைகளைப் பற்றிக் கணினிப் பிரிவுக்குத் தேவையற்ற புகார்கள் போவதற்கும் வழிசெய்கிறது. ஓர் ஊழியரின் கடவுச்சொல்லைத் திருடி உள்ளே நுழையும் அயலாருக்கோ, எந்தப் பிரிவு எதை எங்கே வைத்திருக்கிறது என்பதை அந்தப் பட்டியலே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

உரிமைப் பட்டியல் வந்த வழி

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறை 1960களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியபோதே இந்தச் சிக்கலும் தோன்றிவிட்டது. எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வகம் ஆகியவை கூட்டாக உருவாக்கிய மல்டிக்ஸ் இயங்குதளத்தில், ஒவ்வொரு கோப்போடும் அதை யார் எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று குறிக்கும் பட்டியல் இணைக்கப்பட்டது. அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல் என்று இன்றும் வழங்கும் முறை அதுவே. மல்டிக்ஸ் பணியில் பங்குகொண்ட ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் பாதுகாப்புக்கான எட்டு வடிவமைப்பு நெறிகளைத் தொகுத்தனர். ஒருவருக்கு அவருடைய வேலைக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே உரிமை தர வேண்டும் என்பதும், வெளிப்படையாக அனுமதிக்கப்படாத எதுவும் மறுக்கப்பட்டதாகவே கொள்ளப்பட வேண்டும் என்பதும் அவற்றில் அடங்கும்.

வலைப்பின்னல் வழியே கோப்புகளைப் பகிர்வதற்கான எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறையை, அதாவது இரு கணினிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான விதித்தொகுப்பை, 1980களின் முற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பேரி ஃபைகன்பாம் வடிவமைத்தார். பின்னர் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்து, விண்டோஸ் கணினிகளின் பொது மொழியாக்கியது. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992இல் வெளியிட்ட மென்பொருள் வளர்ந்து சாம்பா என்று பெயர்பெற்றது. யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களும் விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புகளை வழங்க அது வழிசெய்தது. அக்காலத்தில் அலுவலகங்களில் பரவியிருந்த நாவல் நிறுவனத்தின் நெட்வேர் சர்வர்கள், உரிமையில்லாத கோப்புறைகளைப் பயனருக்குக் காட்டாமலேயே இருந்தன. அவற்றிலிருந்து விண்டோஸ் சர்வருக்கு மாறிய நிறுவனங்கள், அதுவரை மறைந்திருந்த பெயர்களெல்லாம் எல்லோருடைய திரையிலும் வரிசையாகத் தோன்றுவதைக் கண்டன.

இரண்டு அடுக்கு அனுமதி

விண்டோஸ் சர்வரில் உள்ள ஒரு கோப்புறையைத் தொலைவிலிருந்து அணுகுபவர் இரண்டு சோதனைகளைக் கடக்க வேண்டும். முதலாவது, பகிர்வின்மீது வைக்கப்படும் அனுமதி; இது படித்தல், மாற்றுதல், முழுக் கட்டுப்பாடு என மூன்று நிலைகளை மட்டுமே கொண்டது, வலைப்பின்னல் வழியாக வருவோருக்கு மட்டுமே பொருந்துவது. இரண்டாவது, என்.டி.எஃப்.எஸ். என்னும் கோப்பு அமைப்பு ஒவ்வொரு கோப்பிலும் கோப்புறையிலும் பதிந்துவைக்கும் அனுமதி. இது மிக நுணுக்கமானது, சர்வரின் முன் அமர்ந்து வேலை செய்பவரையும் கட்டுப்படுத்துவது. இரண்டும் சேர்ந்து அனுமதிப்பதே பயனருக்குக் கிடைக்கும். பகிர்வில் முழுக் கட்டுப்பாடு இருந்தாலும், கோப்பு அமைப்பில் படிக்கும் உரிமை மட்டுமே இருந்தால், அவர் படிக்க மட்டுமே முடியும்.

விண்டோஸ் 2000 வரை, புதிதாக உருவாக்கப்படும் பகிர்வில் 'எல்லோரும்' என்னும் குழுவுக்கு முழுக் கட்டுப்பாடு தானாகவே கிடைத்துவந்தது. விண்டோஸ் சர்வர் 2003இல்தான் அது படிக்கும் உரிமையாகக் குறைக்கப்பட்டது. பழைய சர்வரிலிருந்து புதியதற்கு அமைப்புகளை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்த நிறுவனங்களில் அந்தப் பழைய தாராளமும் கூடவே வந்திருக்கக்கூடும் என்பதால், அதைத் தேடிப் பார்ப்பது நல்லது.

டாலர் குறி தரும் பொய்யான நிம்மதி

பகிர்வின் பெயருக்குப் பின்னால் $ என்னும் டாலர் குறியைச் சேர்த்தால் அது பட்டியலில் தோன்றாது என்பது விண்டோஸ் நிர்வாகிகள் நன்கறிந்த உத்தி. ஒவ்வொரு வட்டுக்கும் விண்டோஸ் தானே உருவாக்கும் நிர்வாகப் பகிர்வுகளும் இந்தக் குறியோடுதான் அமைகின்றன. ஆனால், சர்வர் எல்லாப் பகிர்வுகளின் பெயர்களையும் அனுப்பிவைக்க, பயனரின் கணினியில் இயங்கும் விண்டோஸ்தான் டாலர் குறியுள்ளவற்றைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றைக் காட்டுகிறது. அந்த மரபைப் பின்பற்றாத கருவி, எடுத்துக்காட்டாக சாம்பாவுடன் வரும் கட்டளைவரி நிரல், அதே பட்டியலைக் கேட்டால் டாலர் குறியுள்ள பெயர்களையும் சேர்த்தே அச்சிட்டுக் காட்டும். ஆகவே டாலர் குறி திரையை ஒழுங்குபடுத்த உதவுமேயன்றி, அனுமதியின் இடத்தை ஒருபோதும் நிரப்பாது.

உரிமை உள்ளதை மட்டும் காட்டுதல்

இக்குறையை நீக்க, அணுகல் சார்ந்த பட்டியலிடல் என்னும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2005இல், விண்டோஸ் சர்வர் 2003இன் முதல் சேவைத் தொகுப்பைத் தொடர்ந்து, தனியாகப் பதிவிறக்கிக்கொள்ளும்படி அளித்தது. விண்டோஸ் சர்வர் 2008 முதல் அது இயங்குதளத்திலேயே இடம்பெற்றது. இவ்வசதி இயக்கப்பட்ட பகிர்வை ஒருவர் திறக்கும்போது, சர்வர் உள்ளேயிருக்கும் ஒவ்வொரு கோப்பின், கோப்புறையின் அனுமதியையும் அவருடைய அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, படிக்கும் உரிமையற்றவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு எஞ்சியவற்றை மட்டும் அனுப்புகிறது. கணக்குப் பிரிவு ஊழியருக்குக் 'கணக்கு', 'பொது' என இரண்டும், கொள்முதல் பிரிவு ஊழியருக்குக் 'கொள்முதல்', 'பொது' என இரண்டும் தெரிய, இருவரும் திறந்தது ஒரே பகிர்வைத்தான். பெயர்கள் சர்வரிலேயே வடிகட்டப்படுவதால், பயனர் எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் முடிவு மாறாது.

இதற்கும் எல்லைகள் உண்டு. இது பகிர்வின் உள்ளே இருப்பவற்றை மறைக்குமேயன்றிப் பகிர்வின் பெயரை மறைக்காது. நிர்வாகிகளுக்கு எல்லாமே தெரியும். சர்வரிலேயே அமர்ந்து பார்ப்பவருக்கு இது பொருந்தாது. பல்லாயிரம் கோப்புகள் கொண்ட கோப்புறையில் ஒவ்வொன்றின் அனுமதியும் சோதிக்கப்படுவதால் சர்வரின் வேலைப்பளுவும் கூடும். நடைமுறையில் அடிக்கடி எழும் சிக்கல் வேறொன்று. 'திட்டங்கள்' என்னும் கோப்புறைக்குள் இருக்கும் 'பாலப்பணி' என்னும் உட்கோப்புறைக்கு மட்டும் ஒருவருக்கு உரிமை தந்து, மேற்கோப்புறைக்கு எதுவும் தராமல் விட்டால், 'திட்டங்கள்' அவர் கண்ணுக்குத் தெரியாமற்போவதால், உரிமையிருந்தும் உள்ளே போகும் வழி அவருக்குப் புலப்படாது. மேற்கோப்புறைக்கு மட்டும் பொருந்தும்படியாக, கீழே பரவாத வகையில், பட்டியலைப் பார்க்கும் உரிமையைக் கொடுப்பதே இதற்குத் தீர்வு.

லினக்ஸ் சர்வர்களில்

யூனிக்ஸ் மரபு இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. அங்கே ஒரு கோப்புறைமீது படிக்கும் உரிமை என்பது உள்ளேயுள்ள பெயர்களைப் பட்டியலிடும் உரிமை. இயக்கும் உரிமை என்பது அதைக் கடந்து உள்ளே செல்லும் உரிமை. 711 என்று அனுமதி வைக்கப்பட்ட கோப்புறையில், உரிமையாளரல்லாத ஒருவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. ஆனால் ஒரு கோப்பின் சரியான பெயரை அறிந்திருந்து, அந்தக் கோப்பும் அவரை அனுமதித்தால், அதைத் திறக்க முடியும். தெரிவதும் திறப்பதும் தனித்தனி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சாம்பாவில் ஒரு பகிர்வைப் பட்டியலில் காட்ட வேண்டாம் என்று குறிக்கும் அமைப்பு உண்டு. பெயர் அறிந்தவர் நுழைவதை அது தடுக்காது. நுழையத்தக்கவர்களின் பெயரைக் குறிக்கும் அமைப்பு தனியாக இருக்கிறது. படிக்க முடியாதவற்றை மறைக்கும் அமைப்பும், பகிர்வுக்கே உரிமையில்லாதவரிடமிருந்து பகிர்வின் பெயரை மறைக்கும் அமைப்பும் தனித்தனியே உள்ளன. இணையம் வழியாக எஸ்.எஃப்.டி.பி. முறையில் கோப்புகளை ஏற்றி இறக்கும் வெளியாட்களுக்கு, 2008 முதல் ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச். மென்பொருளில் உள்ள வசதியைக் கொண்டு, ஒரு குறிப்பிட்ட கோப்புறையையே சர்வரின் வேராகக் காட்டிவிடலாம். அதற்கு மேலே இருப்பவை எதையும் அவர்கள் காணவோ எட்டவோ இயலாது.

ஆளுக்கன்று, பொறுப்புக்கு

அனுமதியைத் தனித்தனி ஊழியர்களின் பெயரில் எழுதினால், இடமாற்றமும் ஓய்வும் பதவி உயர்வும் நிகழும்போதெல்லாம் நூற்றுக்கணக்கான கோப்புறைகளைத் தேடித் திருத்த வேண்டிவரும். 'கணக்கு - படிப்போர்', 'கணக்கு - திருத்துவோர்' எனப் பொறுப்பின் பெயரில் குழுக்களை அமைத்து, கோப்புறைக்கு அக்குழுவை மட்டும் சேர்த்துவிட்டால், பின்னர் ஆட்களைக் குழுவில் சேர்ப்பதும் நீக்குவதுமே போதுமானது. குழுவில் சேர்த்த பிறகும் கோப்புறை தெரியவில்லை என்ற புகார் வந்தால், அந்த ஊழியர் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். ஒருவர் எந்தெந்தக் குழுக்களைச் சேர்ந்தவர் என்பதை விண்டோஸ் உள்நுழையும்போதுதான் குறித்துக்கொள்கிறது. வெளிப்படையான மறுப்பு அதே இடத்திலுள்ள அனுமதியை வென்றுவிடும் என்பதால், மறுப்பை அரிதாகவே கையாள வேண்டும்; உரிமை தராமல் விடுவதே மறுப்பதற்கு ஒப்பாகும்.

2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்னும் பணயத் தீநிரல், எஸ்.எம்.பி. நெறிமுறையின் பழைய முதற்பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகக் கணினிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டி, அவற்றை விடுவிக்கப் பணம் கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையும் அதனால் தடுமாறியது. இத்தகைய தீநிரல் ஓர் ஊழியரின் அடையாளத்தில் இயங்கினால், அவர் எவற்றைத் திருத்தலாமோ அவற்றையெல்லாம் அதுவும் திருத்தும். உரிமை குறுகியிருந்தால் சேதமும் குறுகும். எஸ்.எம்.பி. பயன்படுத்தும் 445ஆம் எண் வாயிலை இணையத்துக்கு நேரே திறந்துவைக்காமல், தொலைவிலிருந்து வருவோரை வி.பி.என். என்னும் மறைகுறியாக்கப்பட்ட தனிப்பாதை வழியாக மட்டும் அனுமதிப்பதும், முதற்பதிப்பை அறவே நிறுத்திவைப்பதும் இதனோடு சேர்ந்தே செய்யப்பட வேண்டும்.

நிர்வாகியின் கணக்கில் உள்நுழைந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்வது பயனற்றது, ஏனெனில் அவர் கண்ணுக்கு எதுவும் மறைவதில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் சாதாரண ஊழியருக்குரிய சோதனைக் கணக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் வழியாகப் பகிர்வைத் திறந்து, தெரிய வேண்டியவை தெரிகின்றனவா, தெரியக் கூடாதவை மறைந்திருக்கின்றனவா, மறைந்தவற்றின் முழு முகவரியைத் தட்டச்சு செய்தாலும் சர்வர் மறுக்கிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றாவது சோதனையில் கோப்பு திறந்துகொண்டால், முதல் இரண்டும் சரியாக இருந்தும் பயனில்லை. பகிர்வை நம்பித் தங்கள் சம்பள விவரத்தையும் மருத்துவக் குறிப்பையும் ஒப்படைத்திருக்கும் மனிதர்களுக்காக, இந்தச் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் செய்வது ஒவ்வொரு நிறுவனத்தின் கடமை.