'வயபிள்' என்றால் என்ன? விழிஞ்சம் துறைமுக நிதி விவாதத்தின் மையமாக இருந்த ஆங்கிலச் சொல்லின் பொருளும் பிறப்பும்

தமிழக எல்லையை ஒட்டிய ஆரியங்கோடு, பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்கள் அமைந்துள்ள திருவனந்தபுரம் மாவட்டத்தில், 'வயபிலிட்டி கேப் ஃபண்டிங்' என்ற ஆங்கிலத் தொடர் பல மாதங்கள் அரசியல் விவாதப் பொருளாக இருந்தது. விழிஞ்சம் துறைமுகத்துக்கு மத்திய அரசு ஒதுக்கிய ரூ.817.80 கோடி மானியமா, திருப்பிச் செலுத்த வேண்டிய தொகையா என்பதே கேள்வி. அந்தத் தொடரின் வேராக உள்ள 'வயபிள்' என்ற சொல் எங்கிருந்து வந்தது, அதன் பொருள் என்ன?

உயிரில் பிறந்த சொல்

லத்தீன் மொழியில் 'வீட்டா' என்றால் உயிர் அல்லது வாழ்வு. அது பிரெஞ்சு மொழியில் 'வீ' என மருவி, அதிலிருந்து 'உயிர் வாழத்தக்க' என்ற பொருளுடைய பெயரடை உருவானது. 1820-களில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது, அது பிறந்த குழந்தையைக் குறிக்கும் மருத்துவச் சொல்லாகவே இருந்தது. தாயின் உடலுக்கு வெளியே தானாக உயிர் வாழக்கூடிய வளர்ச்சியைக் குழந்தை எட்டிவிட்டதா என்பதே அதன் பொருள். வைட்டமின் என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். 'வழி' எனப் பொருள்படும் 'வியா' என்ற லத்தீன் சொல்லே இதன் மூலம் எனச் சிலர் கருதுவது தவறு.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இச்சொல் திட்டங்கள், நிறுவனங்கள், யோசனைகள் ஆகியவற்றுக்கும் விரிந்தது. விதை ஆய்வில் இன்றும் பழைய பொருளே வழங்குகிறது. உயிர்ப்புடன் உள்ள விதையே 'வயபிள்' விதை.

'ஃபீசிபிள்' வேறு, 'வயபிள்' வேறு

இரண்டையும் 'சாத்தியமான' என்றே தமிழில் எழுதுவதால் குழப்பம் நேர்கிறது. 'ஃபீசிபிள்' என்ற சொல், 'செய்' எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. செய்ய முடியுமா என்று கேட்பது அது. செய்து முடித்தபின் தன் வருவாயிலேயே நிலைத்து நிற்குமா என்று கேட்பது 'வயபிள்'. முதல் கேள்விக்குப் பொறியாளர் விடை கூறலாம். இரண்டாவது கேள்விக்குக் கணக்குப் புத்தகமே விடை கூற வேண்டும்.

விழிஞ்சம் காட்டும் வேறுபாடு

விழிஞ்சத்தில் இயற்கையிலேயே கடல் ஆழம் அதிகம். சர்வதேசக் கப்பல் பாதையும் அருகிலேயே உள்ளது. ஆகவே அங்கு துறைமுகம் அமைப்பது இயலும் செயலாகவே இருந்தது. ஆனால், எதிர்பார்க்கப்பட்ட வருவாய் தனியார் முதலீட்டை ஈடுகட்டப் போதவில்லை. அந்தப் பள்ளத்தை அரசுப் பணத்தால் நிரப்புவதே 'வயபிலிட்டி கேப் ஃபண்டிங்'.

மத்திய அரசின் இத்திட்டப்படி, பொருளாதார உள்கட்டமைப்புப் பணிகளுக்குத் திட்டச் செலவில் மத்திய அரசு 20 சதவீதம் வரையும், திட்டத்தை முன்னெடுக்கும் அரசு மேலும் 20 சதவீதம் வரையும் வழங்கலாம். விழிஞ்சத்தில் தனியார் பங்கேற்புக்கென மதிப்பிடப்பட்ட ரூ.4,089 கோடியில் ரூ.1,635 கோடி இவ்வாறு ஒதுக்கப்பட்டது. இதில் மத்திய அரசின் பங்கு ரூ.817.80 கோடி, கேரளத்தின் பங்கு ரூ.817.20 கோடி.

துறைமுக வருவாயில் மாநிலத்துக்குக் கிடைக்கும் பங்கில் 20 சதவீதத்தைத் தனக்குத் தர வேண்டும் என மத்திய அரசு நிபந்தனை விதித்தது. மானியத்தைத் திருப்பிக் கேட்பது முறையன்று என்றும், காலப்போக்கில் இத்தொகை ரூ.10,000 கோடியைத் தாண்டும் என்றும் கேரளம் வாதிட்டது. இறுதியில் நிபந்தனையை ஏற்று 2025 ஏப்ரல் 9-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. மே 2-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

தமிழில் எப்படிச் சொல்வது?

'நம்பகத்தன்மை இடைவெளி நிதி' என்ற மொழிபெயர்ப்பும் புழக்கத்தில் உள்ளது. ஆனால், இங்கு எவருடைய நம்பகத்தன்மையும் கேள்விக்குள்ளாகவில்லை. 'இந்த விலை கட்டுப்படியாகாது' என்று தமிழக விவசாயி கூறுவதும், 'முதலாகில்ல' என்று எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் கூறுவதும் ஏறத்தாழ இதே பொருளில்தான். உயிரியலில் 'உயிர்ப்புத்திறன்' என்றும், பொருளாதாரத்தில் 'கட்டுப்படியாகும் தன்மை' என்றும் எழுதினால் பொருள் தெளிவாகும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தமிழகம், குஜராத் கடற்பகுதிகளில் தலா 500 மெகாவாட் காற்றாலைகள் அமைப்பதற்கும் இதே வகை நிதி வழங்க, 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துள்ளது. எனவே, ஒரு திட்டம் 'சாத்தியம்' என்று அறிவிக்கப்படும்போது, அதைக் கட்ட முடியுமா என்பதோடு, கட்டியபின் கட்டுப்படியாகுமா, ஆகாவிடில் இடைவெளியை நிரப்பப்போவது யாருடைய பணம் என்பதையும் மக்கள் கேட்டறிவது அவசியம்.