சிக்குன்குனியா: கடல் கடந்து வந்த முடக்கு ஜுரம்

திருப்பாலைவனம், பழவேற்காடு பக்கத்து மீனவக் குப்பங்களில், "ஏரி பக்கத்திலேயே இருக்கு, கொசுவுக்குக் கேட்கணுமா?" என்பார்கள். சிக்குன்குனியாவைப் பொறுத்தவரை, ஏரி மீது பழி போடுவது சரியல்ல. இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு முக்கியமாகப் பெருகுவது, வீட்டில் நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான்!

எங்கிருந்து வந்தது?

1952-ல் ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் பரவிய ஜுரத்தின்போது இது முதலில் இனம் காணப்பட்டது. மூட்டுவலியால் நோயாளி வளைந்து போவதைக் குறிக்கும் மக்கோண்டே மொழிச் சொல்லே நோய்க்குப் பெயராயிற்று.

நம் நாட்டில் 1963-ல் கல்கத்தாவில் தலைகாட்டியது. அடுத்த ஆண்டே சென்னைக்கு வந்துவிட்டது. 1973-ல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் பரவியதோடு அடங்கிப்போனது. 'இனி வராது' என்று எல்லோரும் மறந்திருந்தபோது, 2004-ல் கென்யாவில் கிளம்பி, இந்துமாக்கடல் தீவுகள் வழியாக 2005 கடைசியில் மறுபடி இங்கே வந்தது. 2006-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 13.9 லட்சம் பேருக்கு இந்த ஜுரம் என்று கணக்கிடப்பட்டது. தமிழ்நாடும் தப்பவில்லை.

கொசுவா கடல் தாண்டியது?

இல்லை. கிருமி மனிதரின் ரத்தத்தில் ஏறிப் பயணம் செய்கிறது. 2007-ல் கேரளத்திலிருந்து இத்தாலிக்குப் போன ஒருவருக்கு அங்கே ஜுரம் வந்தது. அவரைக் கடித்த கொசுக்கள் மற்றவர்களையும் கடிக்க, சுமார் 200 பேர் படுத்துவிட்டார்கள். இந்தக் கிருமியைச் சுமக்கக்கூடிய புலிக்கொசு அங்கே ஏற்கெனவே குடியேறியிருந்ததுதான் காரணம். அது இல்லாத ஊராக இருந்தால், நோய் அவரோடு நின்றிருக்கும். ஆக, நோயாளி வருவதை நாம் தடுக்க முடியாது, கொசுவைத் தடுக்கலாம்.

உயிரைவிட பிழைப்புக்கு ஆபத்து

இந்த நோயால் உயிரிழப்பு குறைவு. ஆனால் திடீர் ஜுரமும் மூட்டுவலியும் ஆளையே முடக்கிவிடும். சிலருக்கு வலி மாதக்கணக்கில் நீடிக்கும். வலை இழுப்பவருக்கும், ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்ணுக்கும் மணிக்கட்டும் விரலும் மடங்காவிட்டால், அடுப்பு எரியுமா?

என்ன செய்யலாம்?

* டிரம், குடம், தொட்டிகளை நன்றாக மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை காலி செய்து, உட்புறத்தை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.
* பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, கவிழ்க்காமல் விட்ட படகு ஆகியவற்றில் மழைநீர் தேங்க விடாதீர்கள்.
* ஏடிஸ் பகலில் கடிக்கும். ஜுரம் கண்டவரை முதல் வாரம் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் காப்பதற்காக மட்டுமல்ல, அடுத்த வீட்டாரையும் காப்பதற்காக.
* டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகவே சாப்பிட வேண்டாம். ரத்தப் பரிசோதனை அவசியம்.

நிலவேம்புக் குடிநீர்?

நிலவேம்பு, சுக்கு, மிளகு, பற்படாகம் உள்ளிட்ட ஒன்பது சரக்குகள் கொண்ட இந்தக் கஷாயத்தை ஜுரத்துக்கு நாங்கள் கொடுப்பதுண்டு. ஆனால் அதைக் குடித்துவிட்டோமே என்று டிரம்மைத் திறந்து போடாதீர்கள்! கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் குடிக்கவே கூடாது.

கஞ்சி, இளநீர், ஓய்வு ஆகியவை எல்லோருக்கும் உகந்தவை. மருந்து வைத்தியரிடம் இருக்கலாம். தடுப்பு உங்கள் வீட்டு டிரம்மின் மூடியில் இருக்கிறது.