உங்களுக்குத் தெரியுமா? வில்லி கண்ட ஊர்

● ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரில் இருக்கும் வில்லி, ஒரு வேடர் குலத் தலைவர். இந்தப் பகுதியை ஆண்ட மல்லி என்ற அரசிக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு பிள்ளைகள். காட்டைத் திருத்தி, கோயில் எழுப்பி, குடிகளை அமர்த்தி ஊர் கண்டவர் வில்லி என்கிறது தலபுராணம்.

● ஊர் பிறந்ததே ஒரு துக்கத்தில்தான். வேட்டைக்குப் போன இடத்தில் புலியைத் துரத்திச் சென்ற கண்டன் திரும்பவில்லை. புலி அவரைக் கொன்றுவிட்டது. தேடித் தேடிக் களைத்த வில்லி, ஒரு மரத்தடியில் கண்ணயர்ந்தார். பெருமாள் கனவில் வந்து நடந்ததைச் சொல்லி, தனக்கு அங்கேயே கோயில் கட்டி ஊரையும் அமைக்கச் சொன்னாராம். ஆலிலையில் பள்ளிகொண்ட வடபத்ரசாயிதான் அந்தப் பெருமாள்.

● பெற்றவளின் பெயரும் நிலைத்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசிக்குப் போகும் வழியில் மல்லி என்றே ஓர் ஊர் உண்டு.

● ஊர் கண்ட பிரபுக்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஸ்பெயினின் பில்பாவோ நகரத்தைத் தோற்றுவித்தவர், பிஸ்காய் நாட்டுப் பிரபு டியேகோ லோபெஸ் தெ ஆரோ. 1300 ஜூன் 15 அன்று அவர் எழுதிக் கொடுத்த சாசனம்தான் அந்நகரின் பிறப்புச் சான்று. அந்நகரின் பெரிய வீதிக்கு இன்றும் அவர் பெயர்தான். அவர் பெயரைச் சாசனம் காத்தது. வில்லியின் பெயரை மக்களின் நாவு காத்தது.

● பன்னிரு ஆழ்வார்களில் இருவர், பெரியாழ்வாரும் ஆண்டாளும், இந்த ஒரே ஊரில் அவதரித்தவர்கள். ஆழ்வார்களில் ஒரே பெண் ஆண்டாள். பெரியாழ்வார் தம் நந்தவனத்துத் துளசிச் செடியருகே கண்டெடுத்து வளர்த்த பெண் அவர். வேடர் தலைவர் திருத்திய மண்ணில் திருப்பாவை பிறந்தது.

● ஆண்டாளின் கையில் இருக்கும் கிளி ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்யப்படுகிறது. மரவள்ளி இலையை மடித்து உடல், மாதுளம்பூவில் அலகு, மூங்கில் குச்சியில் கால். பூவும் இலையும் நாரும் கொண்டு கட்டி முடிக்கச் சில மணி நேரம் பிடிக்கும். சாயமோ பசையோ தேவையில்லை. மறுநாள் வேறு கிளி.

● ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஊருக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை. புரட்டாசி பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்குத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது சூடிக்கொள்ள மதுரைக்கும் போகிறது.

● வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம் 11 நிலை கொண்டது. உயரம் 190 அடிக்கும் மேல். தமிழக அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரமே என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். மதுரை மேற்குக் கோபுரம் என்பாரும் உண்டு.

● மதுரையில் மகால் கட்டிய திருமலை நாயக்கர் (1623–1659), ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஓர் அரண்மனை கட்டினார். மதுரைக்குப் போகும் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்காவது இதையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

● பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே போனால் ராஜபாளையம். அந்த ஊரின் கதை வேறு மாதிரி. விஜயநகர, நாயக்கர் காலங்களில் ஆந்திரப் பகுதியிலிருந்து போர்வீரர்களாக வந்து குடியேறிய ராஜுக்களால் வளர்ந்த ஊர் அது. வீட்டுக்குள் தெலுங்கு, வீதியில் தமிழ் என்று இன்றும் வாழ்கிறார்கள்.

● பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளையம் நாய், காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போனது. இந்தியாவின் நாட்டு நாய்களுக்காக 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு தபால் தலைகளில் ஒன்று இதற்கு.

● இந்தியா குடியரசான 1950 ஜனவரி 26 அன்று சென்னை மாகாணத்தை ஆண்டவர் ராஜபாளையத்துக்காரர். பூ.ச. குமாரசுவாமி ராஜா 1949 முதல் 1952 வரை முதலமைச்சர் பதவியில் இருந்தார். 1952 தேர்தலில் தோற்றார். பின்னர் ஒரிசாவின் ஆளுநரானார். தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் அவர். இப்படி ஒரு முதலமைச்சர் இருந்தார் என்பதை நம் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டும்.

● சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் பூமி. அங்கே 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ், ஊரை ஆலை நகரமாக்கியது. பக்கத்து சத்திரப்பட்டியில் தறி ஓடினால் காயங்களுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி பிறக்கும்.

● ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேர்ப்பது பாலும் சர்க்கரையும் மட்டுமே. அகன்ற சட்டியில் அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்கும் அந்தக் கைதான் மூன்றாவது சரக்கு.

● கண்டனைக் கொன்ற புலியின் வம்சத்துக்கு இப்போது சட்டமே காவல். இரு ஊர்களுக்கும் மேற்கே உள்ள மலைக்காடு, 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக உயர்ந்தது. பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம். வைகைக்கு நீர் ஊறும் மலைகளும் இதற்குள் வருகின்றன.

● வில்லியின் காலத்தில் ஊர் வேண்டுமென்றால் காட்டை வெட்ட வேண்டியிருந்தது. நம் காலத்தில் ஊருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் காட்டைக் காக்க வேண்டியிருக்கிறது. ஆண்டாளைச் சேவித்துவிட்டு மலைப் பக்கம் போகிறவர்களே, பிளாஸ்டிக் பையை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். ஊர் கண்டவருக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுதான்.