முன்பணமும் சுதந்திரமும்

முற்காலத்தவரைவிட இக்காலத்தவர் மிகுந்த சுதந்திரத்துடன் வாழ்கின்றனரா என்னும் வினா, தறியிலும் வயலிலும் உழைக்கும் நம் அங்கத்தினர்களைப் பெரிதும் சார்ந்தது. நெசவுத் தொழிலின் வரலாற்றைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

பழங்காலம் பொற்காலமாக இருந்தது என்று கூறுவதற்கில்லை. தந்தையின் தொழிலே பெரும்பாலும் மைந்தனுக்கும் விதிக்கப்பட்டிருந்தது. தறிக்கும் வரி உண்டு; பழைய கல்வெட்டுகள் அதனைத் தறியிறை என்று குறிக்கின்றன. விஜயநகர ஆட்சிக் காலத்தில் கைக்கோளர்க்குப் பல்லக்கும் சங்கும் பயன்படுத்தும் உரிமை வழங்கப்பட்ட செய்தியையும் கல்வெட்டுகளிற் காண்கிறோம். சங்கு ஊதுவதற்கும் ஆள்வோர் அனுமதி வேண்டியிருந்தது என்பதே அக்காலத்தின் நிலையை உணர்த்தும்.

ஆயினும் அந்நாளைய நெசவாளரிடம் அரிய உரிமை ஒன்று இருந்தது. சோழமண்டலக் கரையில் வணிகர்கள் முன்பணம் கொடுத்துத் துணி நெய்வித்தனர். அம்முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள நெசவாளரால் இயன்றது. கொடுமை மிகுந்தால் குடும்பத்துடன் வேற்றூருக்குக் குடிபெயர்ந்தும் சென்றனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி வலுப்பெற்ற 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வுரிமை பறிபோயிற்று. முன்பணம் பெற்றவர் கம்பெனிக்கே நெய்தாக வேண்டும், பிறருக்கு விற்றலாகாது என்ற கட்டுப்பாடு வந்தது. உதவியாக இருந்த பணம் விலங்காக மாறியது.

இன்று சட்டம் நம் பக்கம் நிற்கிறது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமையை அளித்துக் கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. ஆனால் மகளின் திருமணத்திற்காகத் தனியார் முதலாளியிடம் முன்பணம் பெற்ற நெசவாளர், அது தீரும்வரை கூலி உயர்வு கேட்கத் துணிவதில்லை. உரத்தைக் கடனாக வாங்கிய விவசாயி, கடன் கொடுத்த மண்டியிலேயே அவர்கள் சொல்லும் விலைக்கு விளைச்சலை அளந்துவிட்டு வருகிறார். இவ்விருவரும் சட்டப்படி சுதந்திரர்களே. கணக்குப் புத்தகத்தின்படி அல்லர்.

எனவே, கடைத்தெருவில் எத்தனை பொருள்கள் குவிந்துள்ளன என்பதைக் கொண்டு சுதந்திரத்தை அளத்தல் பொருந்தாது. "இவ்விலைக்குத் தரமாட்டேன்" என்று சொன்னவர் வீட்டில் அன்றிரவும் அடுப்பு எரிய வேண்டும். அந்த வலிமையே மெய்யான சுதந்திரம்.

அவ்வலிமையைத் தனியொருவர் பெறுதல் அரிது. அதன் பொருட்டே கூட்டுறவு தோன்றியது. 1904-ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு வழிவகுத்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் பிறவகைச் சங்கங்களுக்கும் இடமளித்தது. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் நிறுவப்பெற்றது. கூட்டுறவுச் சங்கம் அமைத்தல் 2012 முதல் அரசியலமைப்பில் அடிப்படை உரிமையாகவும் இடம்பெற்றுள்ளது.

எனினும் சங்கத்தின் பெயர்ப்பலகை மட்டும் நம்மை விடுவித்துவிடாது. சங்கம் கூலியைத் தாமதித்தால் அங்கத்தினர் மீண்டும் தனியாரிடமே கைநீட்டுவார். பேரவைக் கூட்டத்திற்கு அங்கத்தினர் வாராவிடில், நாலைந்து பேரே சங்கத்தின் முதலாளிகள் ஆகிவிடுவர். பங்கு எத்தனை இருப்பினும் ஆளுக்கொரு வாக்கே என்னும் விதி, வந்து வாக்களிப்பவருக்கே பயன்படும்.

ஆதலின் அங்கத்தினர்கள் தத்தம் பாஸ்புத்தகத்தை மாதந்தோறும் சரிபார்த்தல் வேண்டும். தணிக்கை அறிக்கையைப் பேரவையில் படித்து விளக்குமாறு கேட்டல் வேண்டும். கூலியிற் பிடிக்கப்படும் சேமிப்பை இழப்பென்று கருதலாகாது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடக்கும் பழைய உரிமையை அச்சிறு சேமிப்பே மீட்டுத் தரவல்லது. முன்னோர்க்கு இல்லாத சட்டமும் வாக்கும் நமக்கு உண்டு. அவற்றோடு கடனற்ற கையும் சேருமாயின், அவர்களினும் நாம் சுதந்திரமுடையோர் என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.