அழுத்துங்க, எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க!

வொர்க்‌ஷாப்ல உளி நழுவி ஒருத்தன் கையைக் கிழிச்சிடுச்சுன்னு வெச்சுக்குவோம். உடனே ஒருத்தர் தண்ணி எடுக்க ஓடுவார். இன்னொருத்தர் கேன்டீன்ல காபித்தூள் இருக்கான்னு கேட்பார். மூணாவது ஆள் மொபைலை எடுப்பார், 108-க்குப் போன் பண்ண இல்ல, போட்டோ எடுக்க! இவங்க எல்லாரையும் விட உபயோகமானவர், காயத்தை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, "நீ 108-க்கு அடி"ன்னு ஒருத்தரைக் கைகாட்டிச் சொல்றவர்தான்.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமா வந்தாலும் அந்த முதல் சில நிமிடம் பக்கத்துல நிக்கிற உங்க கையிலதான் இருக்கு.

ஏன் அழுத்தணும்? அறுந்த இடத்தில் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலை பின்னும். அதுதான் ரத்தம் உறைவது. ஆனா வேகமா ரத்தம் ஓடிக்கிட்டே இருந்தா அந்த அடைப்பு நிக்காது, அடிச்சுட்டுப் போயிடும். நாம அழுத்துறது ஓட்டத்தைக் குறைச்சு, அதுக்கு டைம் வாங்கிக் கொடுக்க. நமக்குத் தெரிஞ்ச ஃபார்முலாதான்: அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பளவு. துண்டைச் சும்மா கை முழுக்கச் சுத்தினா விசை பரவிப் போயிடும். ரத்தம் வர்ற இடத்தைப் பார்த்து, சுத்தமான கர்சீஃப்போ துப்பட்டாவோ மடிச்சு வெச்சு, அதே இடத்துல உள்ளங்கையால பலமா அழுத்தணும். உங்க கைக்கு கிளவுஸோ பிளாஸ்டிக் கவரோ கிடைச்சா நல்லது.

வாட்ச் பார்த்து 10 நிமிஷம். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. "நின்னுச்சா?"ன்னு நடுவுல துணியைத் தூக்கினா, அப்பதான் உருவான உறைவு துணியோடயே பிய்ஞ்சு வந்துடும். மறுபடி முதல்லேருந்து. துணி நனைஞ்சா மேல இன்னொண்ணு வெச்சு, இன்னும் பலமா அழுத்துங்க. காபித்தூள், மஞ்சள்தூள் எல்லாம் வேண்டாம்; அழுக்கு உள்ளே போகும், அப்புறம் டாக்டருக்குக் கழுவுற வேலைதான் கூடும்.

கண்ணாடியோ கம்பியோ குத்தி நின்னா பிடுங்கவே கூடாது. அதுவே அடைப்பா இருக்கலாம். அதோட ரெண்டு பக்கமும் அழுத்துங்க.

கை, காலில் ரத்தம் பீய்ச்சி அடிக்குது, அழுத்தியும் நிக்கலையா? காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின்மேல் படாமல், நாலு விரல் அகலத் துணியைக் கட்டி, முடிச்சில் ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செருகி ரத்தம் நிக்கும்வரை முறுக்குங்க. கயிறு, வயர் வேண்டாம், தசையை அறுக்கும். பயங்கரமா வலிக்கும், கத்துவாங்க, தளர்த்தாதீங்க. கட்டின நேரத்தை எழுதி வைங்க, டாக்டர் கேட்பார்.

முகம் வெளுத்து, உடம்பு சில்லுன்னு வேர்த்தா படுக்க வெச்சுப் போர்த்துங்க. குடிக்க எதுவும் தர வேண்டாம்.

ரோட்டுல பைக் ஆக்சிடென்ட்னா "போலீஸ் கேஸ் ஆயிடுமோ"ன்னு தயங்கி நிக்கிறோம்ல? மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுறவங்களுக்குப் பாதுகாப்பு தருது. உங்க பேரையோ அட்ரஸையோ சொல்லியே ஆகணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது.