பிரட்மனின் கையொப்பம்

அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே கிரிக்கெட் வீரர்கள் கப்பலிற் பிரயாணஞ் செய்த காலத்தில், கொழும்புத் துறைமுகம் அவர்களுக்கு ஒரு பகற்பொழுதுத் தங்குமடமாக விளங்கிற்று. கப்பல் நங்கூரமிட்டு நிற்கும் சில மணி நேரத்தில் வீரர்கள் படகேறிக் கரைக்கு வந்து, இலங்கை அணியுடன் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு மீண்டும் கப்பலேறிவிடுவர். இவ்வழக்கம் 1882ஆம் ஆண்டில் ஐவோ பிளை என்பாரின் இங்கிலாந்து அணியோடு தொடங்கியது. உலகம் புகழும் ஆட்டக்காரரைக் காண இலண்டனுக்கோ சிட்னிக்கோ போக வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனைவாசிகளுக்குத் துறைமுகம் நடைதூரம்; வெள்ளவத்தையில் இருப்போர்க்கு மைதானம் ஒரு பஸ் பிரயாணம்.

அவ்வாறு வந்தவர்களுள் டொன் பிரட்மனுக்கு ஒப்பானவர் எவருமிலர். 1908இல் பிறந்து, பௌரல் என்னும் சிற்றூரில் வளர்ந்த அவர், சிறு பிராயத்தில் ஒரு கொல்ஃப் பந்தைத் தண்ணீர்த் தொட்டியின் செங்கற் சுவரில் எறிந்து, அது திரும்பி வரும் வேகத்தில் ஒரு விக்கெற் குச்சியால் அடித்துப் பழகினார் என்பது பிரசித்தமான செய்தி. குச்சியோ மெல்லியது, பந்தோ சிறியது, சுவரிற்பட்டு எத்திசையில் திரும்புமென்று சொல்ல முடியாதது. கண்ணுக்கும் காலுக்கும் இதனினும் கடுமையான பயிற்சியை எந்த ஆசிரியரும் வகுத்திருக்க முடியாது.

1930இல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட் ஆட்டங்களில் 974 ஓட்டங்களை அவர் குவித்தார். லீட்ஸ் நகரில் ஒரே இன்னிங்ஸில் 334 ஓட்டங்கள். அவரை அடக்குதற்கென்றே 1932-33இல் இங்கிலாந்தர் உடலைக் குறிவைத்துப் பந்தெறியும் முறையைக் கையாண்டனர். அப்போதும் அவருடைய சராசரி 56க்குக் கீழே இறங்கவில்லை. மற்றொருவர்க்கு அது பெருமை தரும் எண்ணாகும். 1934இல் இலண்டனில் கடும் நோய்வாய்ப்பட்டார். பின்னர் யுத்தம் ஆறாண்டுகளை விழுங்கிற்று. இத்தனையும் கடந்து 1948இல் தமது கடைசிச் சுற்றுப்பயணத்துக்குத் தலைவராகப் புறப்பட்டபோது, அவருக்கு வயது முப்பத்தொன்பது.

‘ஸ்ட்ரத்எயார்ட்’ என்ற கப்பல் கொழும்பில் நின்றது அப்பயணத்தின்போதுதான். 1948 மார்ச் 27ஆம் தேதி, வனாத்தமுல்லையிலுள்ள தமிழ் யூனியன் கழகத்தின் ஓவல் மைதானத்தில் ஆட்டம் நடந்தது. பின்னாளிற் பா. சரவணமுத்துவின் பெயரைத் தாங்கிய மைதானம் இதுவே. இலங்கை அணியின் தலைவர் மகாதேவ சதாசிவம். அதற்கு முந்திய ஆண்டிலேதான் அவர் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் எடுத்துப் பெயர் பெற்றிருந்தார்; பிற்காலத்திற் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்குங்கூடத் தலைமை தாங்கினார்.

பிரட்மன் அன்று 20 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் ஆடுகளத்தின் நீளத்தைப் பற்றி அவுஸ்திரேலியர்க்கு ஐயம் எழுந்தது. அளந்து பார்த்தபோது 22 யார் இருக்க வேண்டிய இடத்தில் 20 யாரே இருந்தது! கொழும்புக் கிரிக்கெட் ரசிகர் இந்தச் செய்தியை ஓட்ட எண்ணிக்கையினும் அதிகமாக நினைவில் வைத்திருப்பது வியப்பன்று.

ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்ட் 14ஆம் தேதி, இலண்டன் ஓவல் மைதானத்தில் ஹொலிஸ் வீசிய இரண்டாவது பந்தில் ஓட்டமெதுவும் எடாமல் பிரட்மன் வெளியேறினார். டெஸ்ட் ஆட்டங்களில் அவர் எடுத்தவை 6,996 ஓட்டங்கள். ஆட்டமிழந்தது 70 முறை. இன்னும் நான்கு ஓட்டங்கள் கிடைத்திருப்பின் சராசரி நூறாகியிருக்கும். 99.94 என்றே நின்றுவிட்டது. ஐம்பதைத் தாண்டினாலே பெரிய ஆட்டக்காரர் எனப் போற்றப்படும் இவ்விளையாட்டில், அந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது?

இத்தகையவரின் கையொப்பத்தை நாடாத பள்ளிச் சிறுவன் இருந்திருப்பானா? இந்திய மண்ணில் அவர் ஒருநாளும் துடுப்பெடுத்து ஆடியதில்லை. ஆகவே, அவரது ஆட்டத்தைப் பார்த்த அன்றே அவர் கையெழுத்தையும் பெறும் வாய்ப்பு, சென்னைச் சிறுவர்க்குத் தங்கள் ஊரில் வாய்க்காதது; கொழும்புச் சிறுவர்க்கு வாய்த்தது.

ஆயினும், ‘1948’ என்று தலைப்பிட்ட தாள்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. அணியினர் பதினேழு பேரும் ஒப்பமிட்ட தாள்கள் ஏராளமாகத் தேவைப்பட்டமையால், கப்பற் பயணத்தின்போதே வீரர்கள் கட்டுக்கட்டாக ஒப்பமிட வேண்டியிருந்தது. சிட் பார்ன்ஸ் என்ற குறும்புக்காரருக்கு இவ்வேலை சலித்துப் போயிற்று. தமது கையொப்பத்தை இரப்பர் முத்திரையாகச் செய்வித்து, அதைக் குத்தும் வேலையையும் பிறரிடம் ஒப்படைத்துவிட்டார். ஆகவே மற்றவர்கள் பேனாவால் எழுதியிருக்க, பார்ன்ஸின் பெயர் மட்டும் முத்திரையாயிருக்கும் தாள், போலியென்று தள்ளத்தக்கதன்று. சேகரிப்போர் அதனை அவ்வாண்டுத் தாளின் அடையாளமாகவே கொள்வர்.

பிரட்மனின் கையொப்பம் அரிதானதும் அன்று. 2001இல் தொண்ணூற்றிரண்டாம் வயதிற் காலமாகும் வரையும், அடிலெயிட் நகரிலிருந்து தமக்கு வந்த கடிதங்களுக்குப் பல்லாண்டு காலம் பொறுமையோடு பதிலெழுதியவர் அவர். 1949இற் கிடைத்த ‘சேர்’ பட்டத்தைக் கையொப்பத்திற் சேர்த்தெழுதும் வழக்கம் அவரிடம் இல்லை. எழுத்துக்களும் வாசிக்கத்தக்க தெளிவுடையன. தெளிவாக எழுதுபவரின் கையெழுத்தைப் போலி செய்வது எளிதென்பது வேறு விஷயம்.

உண்மையை அறிய ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி போதும். பேனா மை தாளின் நாரினூடே ஊறியிருக்கும். கோடு கோட்டைக் கடக்குமிடத்தில் நிறம் கறுக்கும். கை அழுந்திய இடமும் தளர்ந்த இடமும் தெரியும். அச்சிட்ட பிரதியில் இவை யாவும் ஒரே சீராக இருக்கும். முத்திரையிலோ, மை ஓரங்களுக்குத் தள்ளப்பட்டு விளிம்பிலே தடித்துக் காணும். இன்னொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. குமிழ்முனைப் பேனா பொதுமக்கள் கைக்கு வந்தது 1945க்குப் பின்னரே. 1930இற் பெற்றதாகச் சொல்லப்படும் கையொப்பம் குமிழ்முனையால் எழுதப்பட்டிருப்பின், அதற்குமேல் ஆராய வேண்டியதில்லை.

காலத்தைக் கடந்து இவ்வேடுகள் நிலைப்பது அதனினும் கடினம். வெள்ளவத்தையின் கடற்காற்று ஈரத்தையும் உப்பையும் வீட்டினுள் கொணரும். தாளிற் பூஞ்சணம் படரும். இராமபாணப் பூச்சி பசையை நாடி ஏட்டையே தின்னும். இவற்றுக்கேனும் பரிகாரம் உண்டு. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் பிறவிடங்களிலும் தமிழர் வீடுகள் எரிக்கப்பட்டபோது, நூல்களும் படங்களும் கடிதங்களும் அவற்றோடு சாம்பலாயின. அச்சாம்பலுள் எத்தனை கையொப்ப ஏடுகள் இருந்தன என்று எண்ணியவர் எவருமிலர்.

எஞ்சியிருப்பவற்றைக் காப்போர், பிளாஸ்திக் உறையிட்டுச் சூட்டால் ஒட்டுவிப்பதை அறவே விலக்குதல் வேண்டும், ஒட்டியபின் பிரிக்கவியலாது. கண்ணாடிச் சட்டமிட்டு வெயில் படும் சுவரில் மாட்டினால், சில ஆண்டுகளில் மை வெளிறிவிடும். அமிலமற்ற தாளுறையில் இட்டு, ஈரமில்லாத பெட்டியிற் கிடையாக வைப்பதே முறை. ஒப்பம் வாங்கியவர் உயிரோடிருக்கையிலேயே, எங்கே, எந்த நாளில், யார் கையால் வாங்கினார் என்பதை அவரிடம் கேட்டு, வேறொரு தாளிற் பென்சிலால் எழுதி அதனோடு வைத்தல் வேண்டும். ‘ஓவல் மைதானம், 27-3-1948’ என்ற அவ்வொரு வரி இல்லாவிடின், கப்பலிற் கட்டுக்கட்டாய் ஒப்பமிட்ட தாளுக்கும் மைதானத்திற் பெற்ற தாளுக்கும் உள்ள வேற்றுமையைப் பின்வருவோர் அறிய வழியில்லை.