தடுப்பு மருந்தின் பாதையில் தொழில் வாய்ப்புகள்

1985-86 ஆம் ஆண்டுகளில் புதுதில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் பச்சிளங் குழந்தைகள் பிரிவில் ஓர் அரிய உண்மை புலப்பட்டது. ரோட்டா வைரஸ் தொற்றிய குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு ஏற்படவில்லை. பின்னாளில் அவ்வைரஸினால் வரும் கடும் நோயும் அவர்களை அதிகம் தாக்கவில்லை. டாக்டர் எம்.கே. பான் குழுவினர் அக்குழந்தைகளிடமிருந்து பிரித்தெடுத்த 116-இ என்னும் வைரஸ் வகையே ‘ரோட்டாவாக்’ தடுப்பு மருந்துக்கு மூலமாயிற்று. அம்மருந்து 2014-இல் உரிமம் பெற்றது. 2016 மார்ச்சில் ஆந்திரம், அரியானா, இமாசலப் பிரதேசம், ஒடிசா ஆகிய மாநிலங்களில் அரசின் தடுப்பு மருந்துத் திட்டத்தில் சேர்ந்தது.

கண்டுபிடிப்பிலிருந்து குழந்தையின் வாய்க்குச் சொட்டு மருந்து சென்றடைய முப்பது ஆண்டுகள் ஆயின. இவ்வளவு காலமும் உழைத்தவர்கள் விஞ்ஞானிகள் மட்டுமல்லர். உயிர்த் தொழில்நுட்பவியல் என்றதும் ஆய்வுக்கூடத்தை மட்டுமே மனத்தில் கொண்டு பட்டப்படிப்பில் சேரும் மாணவர்கள் பலர். எந்தப் பணிக்கு எந்தப் பட்டம் தேவை என்பது அவர்களுக்குப் படிப்பு முடிந்த பின்னரே தெரியவருகிறது. ஆகவே இம்மருந்து கடந்து வந்த பாதையை வைத்தே இத்துறையின் பணிகளை ஆராய்வோம்.

ஆராய்ச்சி

1982-இல் தேசிய உயிர்த் தொழில்நுட்பவியல் வாரியம் அமைக்கப்பட்டது. 1986-இல் அது தனித் துறையாக உயர்ந்தது. தில்லியில் தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனமும், மரபணுப் பொறியியலுக்கான பன்னாட்டு மையமும் இயங்குகின்றன. ஆராய்ச்சியையே வாழ்க்கையாகக் கொள்ள விரும்புவோர்க்கு முதுநிலைப் பட்டமும் அதன்பின் முனைவர் பட்டமும் இன்றியமையாதவை. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலை உதவித்தொகை 42,000 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டன. எனினும் நிலையான விஞ்ஞானிப் பதவிகள் குறைவு. அவற்றிற்கான காத்திருப்பு நீண்டது. இதனை அறிந்தே இவ்வழியில் இறங்க வேண்டும்.

உற்பத்தி

ஆய்வுக்கூடத்துக் குடுவையில் வளர்ந்த வைரஸைப் பெரிய கலன்களில் இலட்சக்கணக்கான தவணைகளுக்கு வளர்ப்பது வேறொரு திறன். ரோட்டாவாக் மருந்தை ஐதராபாத்தைச் சேர்ந்த பாரத் பயோடெக் நிறுவனம் உருவாக்கியது. வெப்பநிலை, காற்று, ஊட்டப்பொருள், தூய்மை ஆகியவற்றில் ஒன்று பிசகினாலும் ஒரு தொகுதி முழுவதையும் கழிக்க நேரிடும். உயிர்வேதிப் பொறியாளர், நுண்ணுயிரியலார், தரக் கட்டுப்பாட்டுப் பகுப்பாய்வாளர், ஒவ்வொரு செயலையும் ஆவணப்படுத்தும் தர உறுதிப் பணியாளர் ஆகியோர்க்கு இங்கே வேலை உண்டு. பட்டம் பெற்றவுடன் பணியில் சேர விரும்புவோர் முதலில் கருத வேண்டிய பகுதி இதுவே.

மனிதர்களிடம் சோதனை

2011-இல் இம்மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கியது. தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று மையங்களில் 6,799 குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். கடும் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் இம்மருந்து ஏறத்தாழ 56 சதவீதம் குறைத்தது. இந்த ஒரு சதவீதக் கணக்கின் பின்னே வீடுவீடாகச் சென்ற களப்பணியாளர், பெற்றோரின் ஒப்புதலைப் பெற்றவர், நோய்க்குறிகளைப் பதிந்த மருத்துவர், மாதிரிகளைச் சோதித்தவர், புள்ளியியலார் எனப் பலரது உழைப்பு உள்ளது. புள்ளியியல் அறிவும், மக்களிடம் அவர்கள் மொழியிலேயே பொறுமையாகப் பேசும் பண்பும் உடையோர்க்கு இத்துறை ஏற்றது.

சட்டமும் தகுதியும்

மருந்துகள் 1940 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் 1945 ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டவை. உரிமம் வழங்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைமையகம் தில்லியில் உள்ளது. தடுப்பு மருந்துகளின் தொகுதிகளைச் சோதிக்கும் மத்திய மருந்து ஆய்வுக்கூடம் கசௌலியில் உள்ளது.

மாணவர் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று இவ்விதிகளில் உண்டு. 49 ஆம் விதிப்படி மருந்து ஆய்வாளராக விரும்புவோர் மருந்தாளுமையியலில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். அல்லது மருத்துவ மருந்தியலிலோ நுண்ணுயிரியலிலோ சிறப்புப் பயிற்சியுடன் மருத்துவப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். உயிர்த் தொழில்நுட்பவியல் பட்டம் இப்பட்டியலில் இல்லை. உற்பத்தியை மேற்பார்வையிடும் தொழில்நுட்பப் பணிக்கும் விதிகள் தகுதி வகுத்துள்ளன: மருந்தாளுமைப் பட்டதாரிக்குப் பதினெட்டு மாதச் செய்முறை அனுபவம் போதும், வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்த அறிவியல் பட்டதாரிக்கு மூன்றாண்டு அனுபவம் வேண்டும். ஒரே ஆலையில் பணியாற்றும் இருவரின் முன்னேற்றம் பட்டத்தின் பெயராலேயே வேறுபடலாம் என்பது இதனால் விளங்கும்.

மாறாக, காப்புரிமைத் துறையின் வாயில் அகலமானது. 1970 ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்தின் செய்முறைக்கு மட்டுமே உரிமை வழங்கியது. 2005 முதல் மருந்துப் பொருளுக்கும் உரிமை கிடைக்கிறது. அதன்பின் ஆய்வு முடிவுகளைச் சட்ட மொழியில் எழுதவல்லோரின் தேவை கூடியது. காப்புரிமை முகவர் தேர்வை அறிவியல், பொறியியல், தொழில்நுட்பம் ஆகியவற்றில் எப்பட்டம் பெற்றோரும் எழுதலாம்.

பயிலும் இடங்கள்

உயிர்த் தொழில்நுட்பவியல் முதுநிலைப் படிப்பை நெடுங்காலமாக வழங்கி வருவனவற்றுள் தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் குறிப்பிடத்தக்கவை. துறையின் ஆதரவு பெற்ற முதுநிலைப் படிப்புகளில் சேர ஜி.ஏ.டி.-பி. என்னும் நுழைவுத் தேர்வு உண்டு. தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உயிர்வேதிப் பொறியியலும், ஜாமியா ஹம்தர்தில் மருந்தாளுமையியலும் கற்பிக்கப்படுகின்றன. மொகாலியிலுள்ள தேசிய மருந்துக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இத்துறைக்கெனவே அமைந்தது. சொந்தத் தொழில் தொடங்க முற்படுவோர்க்கு, 2012-இல் தில்லியில் நிறுவப்பட்ட பைராக் அமைப்பு தொடக்கநிலைக் கருத்துகளுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை மானியம் அளித்து வந்துள்ளது.

செய்ய வேண்டுவது

மாணவர் முதலில் பாதையில் தமக்குரிய நிலையைத் தேர்ந்து, பின்னரே பட்டத்தைத் தேர்ந்தெடுப்பது நலம். சேரும் முன்னர் அரசுப் பணி விளம்பரங்களிலுள்ள கல்வித் தகுதியை ஒருமுறை படித்துப் பார்த்தாலே பெரும் ஏமாற்றம் தவிர்க்கப்படும். உயிர்த் தொழில்நுட்பவியல் பயில்வோர் இறுதியாண்டுத் திட்டப்பணியை ஆலையிலோ சோதனை மையத்திலோ செய்வது பயன் தரும்.

பொறுப்பு மாணவருக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு பட்டமும் எந்தப் பணிகளுக்குச் செல்லும், எவற்றிற்குச் செல்லாது என்பதைப் பல்கலைக்கழகங்கள் தம் சேர்க்கைக் கையேட்டிலேயே அச்சிட வேண்டும். மருந்துகளுள் உயிரியல் வகையின் பங்கு வளர்ந்துவரும் நிலையில், பழைய விதிகளின் தகுதிப் பட்டியல் போதுமானதா என்பதை அதிகாரிகளும் ஆராய வேண்டும். தில்லி மருத்துவமனை ஒன்றில் தோன்றிய கண்டுபிடிப்பு நாட்டின் குழந்தைகளைச் சென்றடைந்ததற்கு, ஒவ்வொரு நிலையிலும் தக்கார் இருந்ததே காரணம். அடுத்த மருந்துக்கும் அத்தகையோர் வேண்டும். அவர்களை உரிய காலத்தில் உருவாக்குவது கல்வித் திட்டத்தின் கடமையாகும்.